மலையேறும் பழைய முச்சக்கர வண்டிகள்

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், பல ஆண்டுகள் புதிய வண்டி வாங்குவது கடினமாக இருந்ததால், பலர் பழைய முச்சக்கர வண்டிகளையே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்கும் ஹட்டன், தலவாக்கலை நகரங்களுக்கும் இடையே பழுதுபார்த்து ஓட்டி வருகின்றனர். இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்தபடியே வர வேண்டிய இப்பாதைகளில், டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் பிரேக் லைனிங் வெகு விரைவில் தேய்ந்துவிடும். எண்ணெய் அழுத்தத்தால் பிரேக்கை இயக்கும் வீல் சிலிண்டருக்குள் இருக்கும் சிறிய ரப்பர் இறுகி வெடித்தாலோ, பிரேக் எண்ணெய் டிரம்முக்குள் கசிந்து லைனிங்கையே நனைத்துவிடும்; பிரேக் சரியாகப் பிடிக்காது. அந்த ரப்பரை மலிவு கருதிப் போலியாக வாங்கிப் பொருத்துவதை என்னால் ஏற்கவே முடியாது. பின்னிருக்கையில் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பஜாஜ் வண்டிகள் நாடெங்கும் நிறைந்திருப்பதால் அவற்றின் உதிரிப்பாகங்களைத் தேடிப் பெறலாம். அரிதாக ஓடும் வகைகளை வைத்திருப்போரின் பாடுதான் திண்டாட்டம். ஆகவே, பாகங்கள் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பதை விற்பனையாளர்கள் விற்கும்போதே எழுத்தில் தர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.