‘கான்ஸ்’ என்று எழுதிய வரி

எங்கள் மைக்ரோபயாலஜி லேபில் ‘கான்ஸ்’ என்றால் எல்லோருக்கும் புரியும். கோயாகுலேஸ் நெகட்டிவ் ஸ்டஃபைலோகாக்கஸ் என்று நீட்டி முழக்க யாருக்கும் நேரமில்லை. நம் எல்லோர் தோலிலும் குடியிருக்கும் கூட்டம் அது. ரத்தம் எடுக்குமுன் தோலைச் சரியாகத் துடைக்காவிட்டால் ஊசியோடு கல்ச்சர் பாட்டிலுக்குள் போய் வளர்ந்துவிடும். அதனால் கான்ஸ் வந்தால், பக்கத்திலேயே ‘கன்டாமினேஷனாக இருக்கலாம்’ என்று எழுதிவிடுவோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அந்தப் ‘பெரும்பாலும்’தான் என்னைக் கவிழ்த்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிது. மெடிக்கல் வார்டிலிருந்து வந்த இரண்டு பாட்டில்களில் ஒன்றுக்கு மட்டும், கிருமி வளர்ந்தால் சத்தம் போடும் மெஷின் கத்தியது. கிராம் ஸ்டெயினில் ஊதாக் கொத்துகள். மறுநாள் ப்ளட் அகாரில் சின்னச் சின்னக் காலனிகள். ஸ்லைடு கோயாகுலேஸ் போட்டேன். பிளாஸ்மா பட்டதுமே திரிதிரியாகத் திரண்டது. பிளாஸ்மாவை உறைய வைக்கும் ஆபத்தான ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்தான் என்று எண்ணி ட்யூபிலும் போட்டு வைத்தேன். நாலு மணி நேரத்தில் உறையவில்லை. மறுநாள் காலையிலும், சாய்த்த பக்கமெல்லாம் ஓடியது. இரண்டும் முரண்பட்டால் ட்யூபை நம்பு என்பது படித்த பாடம். நம்பினேன், கான்ஸ் என்று எழுதினேன். அப்படியானால் ஸ்லைடு ஏன் திரண்டது? அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. யூரின் சாம்பிள்கள் மலைபோலக் காத்திருந்தன என்பது சாக்குதான்.

அடுத்த வாரம் அதே பெயரில் மூன்று பாட்டில்கள் வந்தன. மூன்றும் கத்தின. எங்கள் மேடம் பிளேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“ஆர்னிதின் போட்டியாப்பா?”

போடவில்லை. எண்ணெய் மூடிய ஒரு சின்ன ட்யூப், உள்ளே ஊதா நிற பிராத். கிருமியைப் போட்டால் முதலில் மஞ்சளாகும். பிறகு மறுபடி ஊதாவுக்குத் திரும்பினால் பாசிட்டிவ். அன்று திரும்பியது. பிஒய்ஆர் டெஸ்ட்டும் சிவந்தது. ஆரியஸில் அது சிவக்காது. ஸ்டஃபைலோகாக்கஸ் லக்டுனென்சிஸ். ஸ்லைடில் திரண்டு ட்யூபில் உறையாத கிருமி இதுதான். 1988-ல் பிரான்ஸின் லியோனில் வைத்த பெயர். அந்த ஊருக்கு ரோமானியர் காலத்துப் பெயர் லக்டுனம்.

கணக்குப்படி இதுவும் கான்ஸ் கூட்டம்தான், ஆனால் இதயத்தில் செய்யும் வேலை ஆரியஸின் வேலை. நல்ல நிலையில் இருக்கும் வால்வையே அரித்துவிடும். எக்கோவில் அந்த நோயாளியின் மைட்ரல் வால்வில் வெஜிடேஷன், அதாவது கிருமி படிந்த திரள், தெரிந்தது. என் ரிப்போர்ட்டை நம்பி, ஆரம்பித்த ஆன்டிபயாட்டிக்கை இடையில் நிறுத்திவிட்டு டைஃபாய்டா, டிபியா என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மறுபடி விசாரித்தபோதுதான் தொடையிடுக்கில் ஒரு கட்டி வந்து உடைந்ததைச் சொன்னாராம். கூச்சத்தில் மறைத்திருந்தார். இந்தக் கிருமிக்குப் பிடித்த குடியிருப்பே அந்தப் பகுதிதான். வாசெக்டமிக்குப் பின் இதய வால்வில் இது பிடித்த கேஸ்கள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன.

இன்னும் உறுத்துவது ஒன்று உண்டு. மற்ற கான்ஸ் வகைகள் பல மருந்துகளுக்கு மசியாது; இதுவோ பெரும்பாலும் பழைய மருந்துகளுக்கே அடங்கும். அவருடைய கிருமி பென்சிலினுக்கே அடங்கியது. பெயரைச் சரியாக எழுதியிருந்தால் அந்த மருந்து ஒரு வாரம் முன்பே ஏறியிருக்கும். வால்வு மாற்றினார்கள், பிழைத்துக்கொண்டார் என்று வார்டு சிஸ்டர் சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. எங்களுக்கு நோயாளி என்றால் பாட்டில் மேல் ஒட்டிய எண்தான்.

2016-ல் ஜெர்மனியின் டூபிங்கனில், மூக்கில் வாழும் இதே கிருமி ‘லக்டுனின்’ என்ற பொருளைச் சுரந்து ஆரியஸைக் கொல்வதைக் கண்டுபிடித்தார்கள். படித்தபோது சிரிப்பு வந்தது. மூக்கில் காவல்காரன், வால்வில் கொள்ளைக்காரன்.

பெரிய லேப்களில் இன்று மால்டி-டாஃப் மெஷின் சில நிமிடங்களில் பெயரைச் சொல்லிவிடுகிறது. எங்களிடம் அது இல்லை. ஸ்லைடு திரண்டு ட்யூப் உறையாத நாட்களில் ஃப்ரிட்ஜைத் திறந்து அந்த ஊதா ட்யூபை எடுப்பேன். பல தடவை மஞ்சளோடு நின்றுவிடும். “எதுக்கு சார் மீடியாவ வீணாக்குறீங்க?” என்று புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள். பழைய ரெஜிஸ்டரை எடுத்து அந்த வரியைக் காட்டினேன். ‘கான்ஸ்’ மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் மேடம் எழுதிய லக்டுனென்சிஸ். அவசரத்தில் அவரும் ஓர் எழுத்தை விட்டிருக்கிறார்.