ஸ்டென்ட் வைத்த ஏழாம் மாதம்

இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயைத் திறந்தே வைத்திருக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்து வீடு திரும்பியபோது அடைப்புத் தொல்லை அதோடு தீர்ந்தது என்றுதான் நம்பினேன். ஏழாம் மாதம் மாடிப்படி ஏறுகையில் நெஞ்சில் அதே பழைய இறுக்கம். நின்றால் இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். ஸ்டென்ட் இருக்கிறதே, இது வாயுதான் என்று மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். முதல் தடவையும் இதே இடத்தில், இதே மாதிரிதான் பிடித்தது. அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது.

மறுபடி ஆஞ்சியோ. ஸ்டென்டுக்குள்ளேயே 70 சதவீத அடைப்பு.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஸ்டென்டில் ரத்தம் உறைந்து திடீரென்று அடைத்துக்கொள்வது வேறு; அது மாரடைப்பாகவே வரும். எனக்கு வந்தது மெல்ல மெல்ல வளர்ந்த சதை. அடைப்பைத் திறக்கக் குழாய்க்குள் ஊதுகிற பலூனும் ஸ்டென்டும் விரியும்போது ரத்தக்குழாயின் உட்சுவர் காயப்படுகிறது. அந்தக் காயம் ஆறும்போது சிலருக்குச் செல்கள் தேவைக்கு மேல் பெருகிவிடுகின்றன, ஆறின புண்ணில் தழும்பு தடிக்கிற மாதிரி. 1977இல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருண்ட்சிக் முதன்முதலாக இதயக் குழாயில் பலூன் விரித்த காலத்திலிருந்தே இந்தச் சிக்கல் உண்டு. வெறும் பலூன் மட்டும் இருந்த நாட்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் திரும்பச் சுருங்கிவிடுமாம். மருந்து பூசிய ஸ்டென்ட் வந்த பிறகு அது பத்தில் ஒருவருக்கும் கீழே இறங்கியிருக்கிறது. எனக்கு சர்க்கரை நோய் இருப்பதால் வாய்ப்பு சற்றுக் கூடுதல்.

ஆனால் காரணம் அது மட்டுமில்லை. குழாய்க்குள் ஒளி செலுத்திப் படமெடுக்கும் ஓசிடி கருவியில் பார்த்தபோது, கால்சியம் படிந்திருந்த ஓரிடத்தில் ஸ்டென்ட் முழுசாக விரியாமலே நின்றிருந்தது. முதல் தடவை அந்தப் பரிசோதனை செய்யவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது. ஸ்டென்ட் வைக்கப்போகிறவர்கள், ‘உள்ளே படமெடுத்துப் பார்ப்பீர்களா?’ என்று தயங்காமல் கேளுங்கள்.

இன்னொரு ஸ்டென்ட் வைக்கவில்லை. மணிக்கட்டு வழியாகவே உள்ளே போய், அதிக அழுத்தப் பலூனால் அந்த இடத்தை விரித்தார்கள். பிறகு மருந்து பூசிய பலூனை ஏறக்குறைய ஒரு நிமிடம் ஊதி வைத்தார்கள். அப்போது நெஞ்சு நன்றாகவே வலித்தது. வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயம் இல்லை.

நாலு வருடம் ஆகிறது. கெட்ட கொலஸ்ட்ராலை 55க்குக் கீழே வைத்திருக்கிறேன். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரத்தான் நிரம்பப் பாடுபட வேண்டியிருந்தது. இடையில் பல் பிடுங்கப் போன இடத்தில் ரத்தம் உறையாமல் தடுக்கிற ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டையும் நிறுத்தச் சொன்னார்கள். இதய டாக்டரைக் கேட்டேன். கூடாது என்றார், மாத்திரையோடேயே பல்லை எடுத்தார்கள்.

மாடிப்படியில் இப்போது நின்று ஏற வேண்டியதில்லை. இன்னொரு முறை அந்த இறுக்கம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட மாட்டேன்.