ஏ4 தாள் இருந்தும் லெட்டர் கேட்ட பிரிண்டர்

அப்பா வீட்டுப் பிரிண்டரை இங்கிருந்தே கட்டளை வரியில் அமைத்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அவருடைய லினக்ஸ் கணினியில் எனக்கும் ஒரு கணக்கு உண்டு. தொலைவிலிருந்தே இன்னொரு கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக அதற்குள் போய்விட்டால், பிரிண்டரும் அதே வைஃபையில்தான் இருக்கிறது.

பிரிண்டரைச் சேர்க்க எல்பிஅட்மின் கட்டளை ஒரு வரி போதும். மைனஸ் பி போட்டுப் பெயர், மைனஸ் வி போட்டு ஐபிபி (நெட்வொர்க் வழி அச்சிடும் நெறிமுறை) முகவரி, மைனஸ் எம் போட்டு 'எவ்ரிவேர்'. தனி டிரைவர் தேவையில்லை. லினக்ஸில் அச்சு வேலைகளைக் கவனிக்கும் மென்பொருளான கப்ஸ், 631-ஆம் போர்ட்டில் பிரிண்டரிடமே கேட்டு, அதனால் என்னென்ன முடியும் என்று தெரிந்துகொள்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

சேர்த்தாகிவிட்டது, ஆனால் கோப்பை அனுப்பினால் ஏற்க மறுத்தது. அரை மணி நேரம் தேடிய பிறகுதான் புரிந்தது: அதே எல்பிஅட்மின் வரியில் மைனஸ் ஈ-யை (ஆங்கிலப் பெரிய எழுத்து) நான் மைனஸ் பி-க்கு முன்னால் போட்டிருந்தேன். முன்னால் போட்டால் 'இணைப்பை மறைகுறியாக்கு' என்று பொருள். பின்னால் போட்டால்தான் 'பிரிண்டரை இயக்கு, வேலைகளை வாங்கிக்கொள்'. ஒரே எழுத்துதான், இடம் மாறினால் வேலையே மாறிவிடுகிறது. இடத்தை மாற்றி மறுபடி கொடுத்ததும் கோப்பு போய்விட்டது.

அப்புறம் அப்பாவிடமிருந்து போன். "தட்டு நிறையத் தாள் இருக்குப்பா, ஆனா தாள் போடுன்னு கேக்குது."

பிரிண்டரின் அமைப்புகளைக் காட்டவும் மாற்றவும் உதவும் எல்பிஆப்ஷன்ஸ் கட்டளையை மைனஸ் எல் போட்டுக் கொடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு வரி. இயல்பாக இருக்கும் மதிப்பின் முன்னால் நட்சத்திரக் குறி. தாள் அளவைச் சொல்லும் பேஜ்சைஸ் வரியில் அது லெட்டர் என்ற அமெரிக்கத் தாள் அளவின் முன்னால் இருந்தது. லெட்டர் 216-க்கு 279 மில்லிமீட்டர், ஏ4 210-க்கு 297. தட்டில் இருந்ததோ ஏ4.

அதே கட்டளையால் ஏ4 ஆக்கினேன். நான் அனுப்பிய சோதனைப் பக்கம் ஒழுங்காக வந்தது, அப்பா அனுப்பியது மறுபடி நின்றது. சாதாரணப் பயனராக எல்பிஆப்ஷன்ஸ் கொடுத்தால், மாற்றம் நம் முகப்பு அடைவில் (நம் கணக்குக்கான சொந்தக் கோப்புறை) மட்டும் பதிவாகிறது. அது என் கணக்கோடு சரி. எல்லோருக்கும் மாற வேண்டுமென்றால் நிர்வாகி உரிமையோடு எல்பிஅட்மினில் மைனஸ் ஓ போட்டுச் சொல்ல வேண்டும். சொன்னேன். என் அடைவில் இருந்த பழைய கோப்பையும் அழித்துவிட்டுப் பட்டியலைப் பார்த்தால், நட்சத்திரம் ஏ4-க்கு வந்திருந்தது.

அப்பா அச்சான பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். கடைசி வரிவரை முழுசாக இருக்கிறது. டூப்ளெக்ஸ் (இரு பக்க அச்சு) வரியில் நட்சத்திரம் இன்னும் ஒரு பக்க அச்சிலேயே நிற்கிறது. நாளை அதைப் பார்க்க வேண்டும்.