தேநீர் நிறத் தண்ணீர்

ஏரித் தண்ணீர் தேநீர் நிறத்தில் தெளிவாக இருந்தால் அது சேறல்ல. மக்கிய இலைதழை, கரி மண் (மக்கிய தாவரங்கள் சேர்ந்த சதுப்பு மண்) இவற்றிலிருந்து கரைந்து வந்த கரிமக் கார்பன். இந்தக் கார்பன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்றால் வெளிச்சம் ஆழம்வரை இறங்கும். 20 என்றால் மேல் ஓரிரு மீட்டரிலேயே பெரும்பகுதி தீர்ந்துவிடும். அங்கே குவளைக்குள் குவளை செருகினாற்போல் கிளைவிடும் டைனோபிரியான் என்ற நுண்பாசிக்குக் கொண்டாட்டம்: ஒளிச்சேர்க்கையும் செய்யும், பாக்டீரியாவையும் விழுங்கும். (கொஞ்சம் கார்பன் நல்லதுதான், புற ஊதாவை மறைக்கும்.)

இந்தக் கார்பனை அளக்கும்போது சொதப்புவது வடிகட்டலில். வடிகட்டும் முன் கண்ணாடி இழை வடிதாளை 450 டிகிரி செல்சியஸில் 4 மணி நேரம் சுடுங்கள். முதலில் வடிவதைக் கொட்டிவிடுங்கள். வேகமாக உறிஞ்சினால் பாசி செல் உடைந்து கார்பன் கூடுதலாகக் காட்டும். பிறகு வடிந்த நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பிஎச் (அமிலத்தன்மை அளவு) 2-க்குக் கொண்டுவந்து, இருட்டில் 4 டிகிரியில் வையுங்கள்.