சீசன் கழியட்டே

"சிஸ்டம் அப்டேட் தயாராக உள்ளது" என்ற அறிவிப்பு என் போனில் மூன்று வருஷமாகக் கிடந்தது. தினமும் காலையில் விரலால் ஒதுக்கித் தள்ளுவேன். மறுநாள் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும்.

ஊர் கம்பம். வேலை மலைக்கு மேலே, கேரளத்தில், கம்பம்மெட்டு தாண்டி வண்டன்மேடு பக்கம் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்கு எழுதுவது. எழுதுவது என்று சொன்னாலும் எல்லாம் போனில்தான். யார் எத்தனை கிலோ பச்சைக்காய் எடுத்தார் என்று ஒரு ஆப்பில் போட்டு, கைக்கு அடக்கமான ப்ளூடூத் பிரிண்டரில் சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். நாள் கூலிக்கு மேலே கிடைக்கிற கிலோக் காசுக்கு அந்தச் சீட்டுதான் ஆதாரம். ஆப்பை எழுதிக்கொடுத்த பையன் வெளிநாடு போய்விட்டான். அதைச் சரிபார்க்க இப்போது ஆளே கிடையாது. என் தயக்கம் முழுக்க இந்த ஒரு ஆப்பால்தான்.

போன் 2019-ல் வாங்கியது. ஆண்ட்ராய்டு 9, 3 ஜிபி ராம், 32 ஜிபி இடம். வரச் சொல்லிக் கூப்பிட்டது ஆண்ட்ராய்டு 11.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? ஜீப்பில் கூட வரும் அக்கா ஒருத்தர், அப்டேட் போடாவிட்டால் வாட்ஸ்அப் நின்றுபோகும் என்று பயமுறுத்தினார். 2025 ஜனவரியில் வாட்ஸ்அப் கைவிட்டது ஆண்ட்ராய்டு 4.4-ஐ. என் போனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கம்பத்தில் செல் கடைத் தம்பி நேர்மாறாகச் சொன்னான். "போடாதீங்கண்ணே, அப்புறம் ஸ்லோ ஆயிருச்சுன்னு எங்கிட்டதான் வருவீங்க." அவன் சொன்னதை வெறும் வதந்தி என்று தள்ளிவிட முடியாது. பேட்டரி நைந்துபோன பழைய ஐபோன்களின் வேகத்தை அப்டேட் மூலம் குறைத்ததை ஆப்பிளே 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. திடீரென்று அணைந்துபோகாமல் இருக்கத்தான் என்றார்கள். முதலாளியிடம் கேட்டேன். "சீசன் கழியட்டே" என்றார், அவ்வளவுதான். சீசன் முடியட்டும் என்று மலையாளத்தில் சொன்னாலும் எல்லாரையும்விட உருப்படியான யோசனை அதுதான்.

என்னை அசைத்தது என் கூடப்பிறந்த அக்காவின் மகன். திருப்பூரிலிருந்து போனில், "மாமா, 'அபவுட் போன்' உள்ளே போய் செக்யூரிட்டி பேட்ச் தேதி என்னன்னு பாருங்க" என்றான். பார்த்தேன். 2020 மார்ச். கூகுள் மாதாமாதம் ஓட்டை அடைக்கும் பேட்ச் வெளியிடுகிறது. அது நம் கைக்கு வருவதும் வராததும் போன் செய்த கம்பெனியின் தயவு. வாட்ஸ்அப், குரோம் எல்லாம் பிளே ஸ்டோரில் தனியாகப் புதுசாகிக்கொண்டே இருப்பதால் போனும் புதுசு மாதிரியே தெரிகிறது. மேலே ஓடு மாற்றி மாற்றி, கீழே உத்தரத்தைக் கரையானுக்கு விட்டிருக்கிறேன். அந்தப் போனில்தான் கூலிப் பணம் முழுக்க ஜிபேயில் போகிறது.

ஆடியில் தொடங்கிய காய் எடுப்பு மாசியில் ஓய்ந்தது. பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டேன்.

அப்டேட்டை விட அதற்கு முந்தின வேலைதான் பெரிய வேலை. வாட்ஸ்அப் பேக்கப் பாதியிலேயே நின்றது. முன்பெல்லாம் அது கூகுள் கணக்கில் இடம் பிடிக்காது. 2024-லிருந்து அந்த இலவச 15 ஜிபிக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். என்னுடையதில் பாதிக்கு மேல், ஏலக்காய் உலர்த்தும் கட்டடமான ஸ்டோரில் காய் காயும் வீடியோக்கள். யார் எடுத்தார்கள், எதற்கு எடுத்தார்கள் என்றே தெரியவில்லை. அழித்து, மிச்சத்தை, போனில் பென்டிரைவ் செருக உதவும் ஓடிஜி இணைப்பான் வைத்துப் பென்டிரைவுக்கு மாற்றினேன். எடைக் கணக்கை ஆப்பிலிருந்து கோப்பாக எடுத்து அக்கா மகனுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். கடைசி மாதக் கணக்கை நோட்டிலும் எழுதி வைத்தேன். நம்பிக்கை என்பது அவ்வளவுதான்.

மேலே தோட்டத்தில் கரண்டும் சிக்னலும் சொல்லாமல் போகும் என்பதால் வீட்டிலேயே, முழு சார்ஜ் ஏற்றி, பக்கத்து வீட்டு வைஃபையில் 2 ஜிபி சொச்சம் இறக்கினேன். 'இன்ஸ்டால்' தொட்டதும் ஸ்கிரீன் கறுத்தது. இனி பழைய ஆண்ட்ராய்டுக்குத் திரும்புவது என் மாதிரி ஆள் செய்கிற காரியமில்லை. நாற்பது நிமிஷம். இரண்டு முறை காப்பி குடித்தேன்.

எழுந்து வந்தது. படம், நம்பர் எல்லாம் அப்படியே இருந்தன. இரண்டு நாள் அடுப்பில் வைத்த மாதிரி சுட்டது, பேட்டரி மத்தியானமே இறங்கியது. ஆப்களையெல்லாம் புதுசாக ஒழுங்கு செய்துகொள்கிறது, விடுங்கள் என்றான் அக்கா மகன். மூன்றாம் நாள் அடங்கிவிட்டது. ஆனால் பழைய சுறுசுறுப்பு இல்லை. பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் திறக்கும் டெவலப்பர் ஆப்ஷனில் அனிமேஷன் அளவுகளை 0.5 ஆக்கியதும் பரவாயில்லை. செல் கடைத் தம்பியிடம் இதைச் சொல்லவில்லை.

ஜிபே திரும்பவும் சிம்மைச் சரிபார்க்கக் கேட்டது. அதற்கு நம் சிம்மிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். மேலே தோட்டத்தில் உட்கார்ந்து இதைச் செய்திருந்தால் அன்றைக்கு முழுக்கச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கும்.

திங்கட்கிழமை பிரிண்டர். ஆப் திறந்தது, கணக்கு இருந்தது, பிரிண்டரை மட்டும் காணவில்லை. வயிற்றைக் கலக்கியது. பழைய இணைப்பை அழித்து 0000 போட்டுத் திரும்பச் சேர்த்தேன். அப்போதும் தேடிக்கொண்டே இருந்தது. கடைசியில் பார்த்தால் லொகேஷன் அணைந்து கிடக்கிறது. பக்கத்தில் இருக்கும் ப்ளூடூத் கருவியைத் தேட லொகேஷன் வேண்டும் என்பது ஆண்ட்ராய்டு 6-லிருந்து 11 வரைக்கும் இருக்கிற விதியாம். இத்தனை வருஷமும் அது போட்டபடியே இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. போட்டேன். கிர்ரென்று சீட்டு வந்தது. பெயர், கிலோ, தேதி.

அப்புறம்தான் பேட்ச் தேதியைப் பார்த்தேன். 2021 ஆகஸ்ட். இந்த மாடலுக்கு அதோடு சரி, இனி ஒன்றும் வராது. எனவே கூலிப் பணம் போகும் கணக்கை மனைவியின் புதுப் போனுக்கு மாற்றிவிட்டேன். என்னுடையதில் டீக்கும் ஜீப்புக்கும் ஆகிற சின்னக் கணக்கு ஒன்று மட்டும் இருக்கிறது. சீட்டு அடிக்க இன்னும் ஒரு சீசன் ஓடினால் போதும்.