80 சதவீத அடைப்பு, 16 விநாடி வித்தியாசம்

"ஆஞ்சியோ பண்ணிப் பார்த்தாங்களாம், 80 சதவீதம் அடைப்பாம், நல்லவேளை உடனே ஸ்டென்ட் வச்சுட்டாங்க, இல்லன்னா அட்டாக் வந்திருக்கும்." நம் சொந்தக்காரர் வட்டத்தில் யாராவது ஒருவரைப் பற்றி இந்தப் பேச்சைக் கேட்டிருப்பீர்கள். இதன் கடைசித் துண்டு, அந்த 'இல்லன்னா அட்டாக் வந்திருக்கும்', அதைத்தான் பெரிய பெரிய ஆய்வுகள் வைத்துத் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் விஷயத்தில் அது உண்மையில்லை.

கோபப்படுவதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துவிடுகிறேன். இதயக் குழாயில் திடீரென்று ரத்தம் உறைந்து, நெஞ்சு பிசைந்து, வேர்த்துக் கொட்டி, ஆம்புலன்ஸில் போவது வேறு கதை. அது மாரடைப்பு. அங்கே நிமிஷத்துக்கு நிமிஷம் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும், சீக்கிரம் ஸ்டென்ட் (குழாயைத் திறந்தே வைத்திருக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்தால் உயிர் பிழைக்கலாம், அதில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. நான் பேசுவது மாடிப்படி ஏறினால் நெஞ்சில் ஒரு இறுக்கம், நின்றால் போய்விடும், மாதக்கணக்கில் கூடாமல் குறையாமல் அப்படியே இருக்கும் என்கிற ஆட்களைப் பற்றி. டாக்டர்கள் இதை ஸ்டேபிள் ஆஞ்சைனா, அதாவது நிலையான நெஞ்சுவலி என்பார்கள்.

1977 செப்டம்பரில் சூரிச்சில் ஆந்த்ரியாஸ் குருன்ட்சிக் முதல்முதலாக ஒரு நோயாளியின் இதயக் குழாய்க்குள் பலூனை விட்டு அடைப்பை விரித்தார். அப்புறம் ஸ்டென்ட் வந்தது. அடைத்திருக்கிறது, திறந்துவிட்டோம், இனி பயமில்லை என்பது யாருக்கும் தோன்றக்கூடிய நியாயம்தானே? 2007இல் வெளியான கரேஜ் ஆய்வு இதில் கை வைத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 2287 பேர். எல்லோருக்கும் நல்ல மாத்திரை, அதில் பாதிப் பேருக்குக் கூடவே ஸ்டென்ட். நாலரை வருஷத்துக்கு மேல் கவனித்ததில் இறப்போ மாரடைப்போ வந்தவர்கள் ஸ்டென்ட் பக்கம் 19 சதவீதம், மாத்திரை மட்டும் எடுத்த பக்கம் 18.5 சதவீதம். பெரிய சண்டையே நடந்தது. அது பழைய மாதிரி ஸ்டென்ட், நோய் முற்றியவர்கள் போதுமான அளவில் இல்லை என்றெல்லாம் வாதம் வந்தது.

சரி என்று, இந்தியாவையும் சேர்த்து 37 நாடுகளில், பரிசோதனையில் ரத்த ஓட்டக் குறைவு நன்றாகவே தெரிந்த 5179 பேரை வைத்து இஸ்கிமியா ஆய்வு நடந்தது. 2020இல் முடிவு வெளியானது. ஸ்டென்ட் அல்லது பைபாஸுக்கு முதலிலேயே அனுப்பப்பட்ட பக்கம் இறந்தவர்கள் 145 பேர், மாத்திரையோடு ஆரம்பித்த பக்கம் 144 பேர்.

ஏன் இப்படி? மாரடைப்பு பெரும்பாலும் அந்த 80 சதவீத இடத்தில்தான் வரும் என்று கிடையாது. ஆஞ்சியோ படத்தில் பெரிதாகத் தெரியாத ஒரு கொழுப்புப் படிவு எங்கோ வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்துதான் பல மாரடைப்புகள் வருகின்றன. ஸ்டென்ட் இருக்கும் ஒன்றரை அங்குலத்தை அது பார்த்துக்கொள்ளும், மிச்சக் குழாய் முழுக்க இருக்கும் நோயை என்ன செய்யும்? அதற்குத்தான் ஸ்டாட்டின் என்கிற கொலஸ்ட்ரால் மாத்திரை, பிரஷர் மாத்திரை, சர்க்கரைக் கட்டுப்பாடு, சிகரெட்டை விடுவது எல்லாம்.

"சரி, ஆயுள் கூடாவிட்டாலும் நெஞ்சுவலி குறையுமே" என்று கேட்கலாம். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இங்கேதான் வருகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ரஷா அல்-லாமி குழு 2017இல் வெளியிட்ட ஆர்பிட்டா. ஒரே குழாயில் கடுமையான அடைப்பு உள்ளவர்களுக்கு முதலில் ஆறு வாரம் மாத்திரைகளைச் சரியாகக் கொடுத்தார்கள். அப்புறம் ஆஞ்சியோ எடுக்கும் அறையான கேத் லேபில் படுக்க வைத்து, மயக்கம் கொடுத்து, காதில் ஹெட்ஃபோனில் பாட்டு வைத்து, ஆஞ்சியோ எடுத்துவிட்டு, 200 பேரில் பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். மீதிப் பேருக்கு ஒன்றுமே வைக்கவில்லை, மேஜையில் குறைந்தது கால் மணி நேரம் சும்மா படுக்க வைத்திருந்தார்கள். யாருக்கு என்ன நடந்தது என்று நோயாளிக்கும் தெரியாது, வார்டில் பார்த்துக்கொண்டவர்களுக்கும் தெரியாது. ஆறு வாரம் கழித்து டிரெட்மில்லில் ஓடவிட்டால், இரண்டு பக்கமும் முன்பைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ஓடினார்கள். வித்தியாசம் 16.6 விநாடி. புள்ளியியல்படி அது தற்செயலாகக்கூட வந்திருக்கலாம்.

இதைப் படித்ததும் 1959இல் சியாட்டிலில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. நெஞ்சுவலிக்காக மார்புக்குள் இருக்கும் ஒரு ரத்தக் குழாயைக் கட்டும் அறுவை சிகிச்சை அப்போது பிரபலம். லெனார்ட் காப் என்ற டாக்டரும் சகாக்களும் 17 பேரில் சிலருக்குக் குழாயைக் கட்டினார்கள், மற்றவர்களுக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். இரண்டு தரப்பும் வலி குறைந்தது என்றார்கள்! அந்த அறுவை சிகிச்சை அதோடு மெல்ல வழக்கொழிந்தது.

ஸ்டென்ட் அப்படி ஒழிய வேண்டியதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அதே குழு 2023இல் ஆர்பிட்டா-2 வெளியிட்டது. இந்த முறை 301 பேர், நெஞ்சுவலி மாத்திரைகளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வலி நன்றாகவே குறைந்தது, டிரெட்மில்லில் கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் கூடுதலாக ஓடினார்கள். ஆக, நிலையான ஆஞ்சைனாவில் ஸ்டென்ட் என்பது வலிக்கான வைத்தியம். மாத்திரை எடுத்தும் வலி விடவில்லை, அல்லது மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். இடது பிரதானக் குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்கள், இதயம் மிகவும் பலவீனமானவர்கள் இஸ்கிமியா ஆய்விலேயே சேர்க்கப்படவில்லை, அவர்கள் கணக்கு தனி.

எனக்கு எரிச்சல் தருவது வலியே இல்லாத ஆளுக்கு மாஸ்டர் செக்கப்பில் ஏதோ தெரிந்து, ஆஞ்சியோ போய், மேஜையில் படுத்திருக்கும்போதே வெளியே நிற்கும் மகனிடம் கையெழுத்து கேட்பது. அந்த நிமிஷத்தில் எந்த மகன் முடியாது என்பான்? அவசரமில்லாத கேஸ் என்றால், "இது என் ஆயுளுக்கா, வலிக்கா? மாத்திரையோடு ஆரம்பித்துப் பார்த்தால் என்ன ஆகும்?" என்று உள்ளே போவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்ச விலை வைத்தது நல்ல காரியம்தான், ஆனால் விலை குறைந்ததால் இந்தக் கேள்விக்கு அவசியம் குறைந்துவிடவில்லை.

ஸ்டென்ட் வைத்தவர்களிடம் இன்னொன்று பார்க்கிறேன். அடைப்பை எடுத்தாச்சு என்று கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். கரேஜ் ஆய்வில் ஸ்டென்ட் வைத்தவர்களும் அத்தனை மாத்திரையையும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.