பரவையா, பாவையா?

பழைய பதிப்புகளின் அடிக்குறிப்பில் பாடபேதங்கள் (ஒரே இடத்துக்கு வெவ்வேறு ஓலைச்சுவடிகள் தரும் வேறு வேறு சொற்கள்) வரிசைகட்டி நிற்பதைப் பார்த்ததும் ‘ஏடு எழுதினவன் அரைகுறை’ என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது அநியாயம். பாதிப் பழி ஓலைக்கும் எழுத்தாணிக்கும் போக வேண்டியது.

இளங்குருத்தும் ஆகாது, பழுத்த ஓலையும் ஆகாது. நடுப்பதமான பனையோலையின் ஈர்க்கை நீக்கி, அளவாக நறுக்கி, தண்ணீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, சங்காலோ வழவழப்பான கல்லாலோ தேய்ப்பார்கள். பக்குவம் ஊருக்கு ஊர் மாறும். வெயிலில் காய்ந்தால் ஓலை முறுகி நரம்போடு பிளக்கும். ஈரம் மிஞ்சினால் பூசணம் பிடிக்கும். அகலம் 3, 4 செ.மீ.தான். கூந்தற்பனை ஓலை இன்னும் அகலம், இன்னும் மென்மை.

எழுதும்போது நகர்வது எழுத்தாணி அல்ல, ஓலை. வலக்கைப் பிடிக்குள் எழுத்தாணி ஏறக்குறைய நிலையாக இருக்கும். இடக்கைக் கட்டைவிரல் அதற்கு முட்டுக் கொடுக்க, ஓலை இடப்பக்கமாக நழுவிப் போகும். அழுத்தம் கூடினால் கீறல் மறுபக்கம் தெரியும். அங்கேயும் எழுதியாக வேண்டுமே! எழுதி முடித்த கீறல் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால், கரி கீறலுக்குள் மட்டும் தங்கும்.

இனி, பிழை பிறக்கும் இடம். மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு, குறில் எகர ஒகரத்துக்கும் உண்டு என்று தொல்காப்பியமே விதிக்கிறது. ஏடுகளிலோ புள்ளியைக் காண்பது அரிது. ஓலை கிழியும் என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். போதாததற்குக் காலும் (‘ா’) ரகரமும் ஒரே வடிவம். ஆகவே ‘பரவை’ என்று கீறியிருப்பது பரவை என்ற கடலாகவும் இருக்கலாம், பாவை என்ற பெண்ணாகவும் இருக்கலாம். தரம், தாம் இரண்டும் ‘தரம’ தான். கெடுவுக்கும் கேடுக்கும் வேற்றுமை கிடையாது, கொடுவுக்கும் கோடுக்கும் கிடையாது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. செய்யுள் அடியும் மடங்காமல் ஓடும். யாப்பும் எதுகையும் தெரியாதவர் பிரதி செய்தால் என்ன ஆகும்? தனக்குப் புரிந்த சொல்லைப் போட்டுவிடுவார். நம் வெக்கையிலும் பூச்சியிலும் சில நூறு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிரதி தேவைப்பட்டது. சங்கப் பாட்டு எத்தனை கைமாறி வந்திருக்கும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சென்னையில் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலோ பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்திலோ ஏடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் கடைசி ஓலையைப் பாருங்கள். எழுதி முடித்த நாளை அங்கே குறித்திருப்பது உண்டு. கொல்லம் ஆண்டு (கேரளப் பக்கத்து ஆண்டுக்கணக்கு) இருந்தால் 824 கூட்டினால் போதும், ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஆண்டின் பிற்பகுதி மட்டும் ஓராண்டு தள்ளும். வெறும் ‘விபவ வருஷம்’ என்றிருந்தால்தான் தலைவலி, அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும்: 1808-ம் விபவ, 1868-ம் விபவ. கூடவே தேதி, கிழமை, நட்சத்திரம் மூன்றும் இருந்தால் பஞ்சாங்கம் வைத்துப் பொருத்திப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்று கழன்றுகொள்ளும்.